எதிர்வீட்டுக்கு எவ்வளவு வரி?

சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், அதற்கு அப்பால் நேரு ஸ்டேடியம். இவையெல்லாம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் ஒரே பூங்கா. பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். நூறு ஏக்கருக்கு மேல் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த இடம் என்றால் மூர் மார்க்கெட்தான் நினைவுக்கு வரும். 1985-ல் எரிந்து போனதே, அதேதான். பழைய புத்தகக் கடைகளில் நான் செலவழித்த நேரத்தை ஆபீசில் செலவழித்திருந்தால் இரண்டு பதவி உயர்வு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று என் மனைவி சொல்லுவாள்.

அந்தப் பூங்காவைப் போட்டவர் சர் சார்லஸ் ட்ரெவெல்யான். 1859 மார்ச்சில் சென்னை கவர்னராக வந்தார். 1860 ஜூனில் போய்விட்டார். பதினைந்து மாதம்கூட நிறையவில்லை. பதவிக்காலம் முடிந்து போகவில்லை, லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. காரணம் வருமான வரி.

1857 கலகத்தை அடக்கியதில் இந்திய அரசாங்கத்துக்குக் கடன் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கணக்கைச் சரிசெய்ய இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். தி எகனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர் அவர்தான். 1860 பிப்ரவரி 18-ல் கல்கத்தாவில் அவர் படித்த பட்ஜெட்டில்தான் இந்தியாவுக்கு வருமான வரி வந்தது. வருஷத்துக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானம் இருந்தால் 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். 200 ரூபாய் என்றால் மாதம் பதினாறு, பதினேழு ரூபாய். இந்த நாட்டுக்கு இது புதிதல்ல என்று காட்ட மனுவைக்கூடத் துணைக்கு அழைத்தார் வில்சன். பாவம், அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்து போனார்.

ட்ரெவெல்யானுக்கு இந்த வரி பிடிக்கவில்லை. ராணுவச் செலவைக் குறைத்தாலே பற்றாக்குறை தீரும், பழக்கமில்லாத நேரடி வரியைப் போட்டு ஜனங்களின் மனத்தைக் கசக்க வைக்காதீர்கள் என்று குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அதைச் சென்னைப் பத்திரிகைகளில் வெளிவரவும் செய்துவிட்டார். ஒரு மாகாண கவர்னர் மேலிடத்து வரியைப் பத்திரிகையில் எதிர்ப்பதா? உடனே சீட்டுக் கிழிந்தது.

இவர் ஒன்றும் ஏழைப் பங்காளர் இல்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் இவர்தான். ஐரிஷ்காரர்கள் இன்றும் அவர் பெயரை நல்லபடியாகச் சொல்வதில்லை. அப்படிப்பட்டவருக்கே சென்னையில் ஒரு விஷயம் உறைத்தது என்றால் அந்த விஷயம் பெரியதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

என்ன விஷயம்? அதற்கு ஐந்து வருஷம் முன்னால் போக வேண்டும். 1855-ல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. சித்திரவதைக் குழு என்றே அதற்குப் பெயர். காஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவருடைய சென்னை சுதேசி சங்கமும் லண்டனுக்கு மனு மேல் மனு அனுப்பி, பார்லிமெண்டில் கேள்வி எழுந்த பிறகு போட்ட குழு அது. நிலவரி பாக்கியை வசூலிக்கக் கீழ்மட்டச் சேவகர்கள் குடியானவர்களைச் சித்திரவதை செய்வது உண்மை என்று வெள்ளைக்காரர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவதற்குக் கிட்டி என்று பெயர். ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது இன்னொன்று. பாக்கி சில சமயம் அணாக் கணக்கில்தான் இருக்கும்.

இதெல்லாம் நடந்தது ரயத்துவாரி கிராமங்களில். அதே மாகாணத்தில் ஜமீன்தார்கள் கட்டிய பேஷ்குஷ் 1802-ஆம் வருஷச் சட்டப்படி நிரந்தரமாக நிர்ணயம் ஆனது. விளைச்சல் கூடினாலும், நெல் விலை ஏறினாலும், அவர்கள் கட்டுவது அதே தொகை. ஒரே வாய்க்கால் தண்ணீர் பாயும் இரண்டு வயல்கள். ஒன்றுக்குத் தீர்வை ஏறிக்கொண்டே போகும், இன்னொன்றின் சொந்தக்காரருக்கு ஏறவே ஏறாது. கிட்டி பார்த்த ஜனங்களிடம் போய், உன் வருமானம் எவ்வளவு, எழுதிக் கொடு என்று இன்னொரு சேவகன் நின்றால் என்ன ஆகும்?

வில்சனின் வரி நிலைக்கவில்லை. இரண்டு வருஷத்திலேயே 500 ரூபாய்க்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். 1865-ல் வரியே காலாவதியானது. அதற்குச் சற்று முன் வரை கல்கத்தாவில் நிதி மெம்பராக இருந்தவர் யார் தெரியுமா? திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்ட அதே ட்ரெவெல்யான்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டெல்டா பக்கத்து நகராட்சி ஒன்றில் பில் கலெக்டராகச் சேர்ந்து, வருவாய்ப் பிரிவிலேயே முப்பத்தோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். அரையாண்டுக்கு ஒரு தடவை டிமாண்ட் நோட்டீசைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவோம். 1970-களில் ஒரு பொதுச் சீரமைப்பு நடந்து வீட்டு வரி ஏறியது. கீழத்தெருவில் இட்லி சுட்டு விற்கிற ஒரு அம்மா. ஓட்டு வீடு, முன்பக்கம் திண்ணை. நோட்டீசை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கவே இல்லை.

"எனக்கு எவ்வளவுன்னு அப்புறம் சொல்லு தம்பி. ரைஸ்மில்காரருக்கு எவ்வளவு போட்டிருக்கே?"

அது எனக்குத் தெரியும். மில்காரர் குறைப்பு மனு போட்டிருந்தார். ஆபீசில் ஒருவர் பின்பக்கக் கிடங்கை அளவிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார். அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஊரில் எதுதான் தெரியாமல் இருக்கும்? "நான் பார்த்துச் சொல்றேம்மா" என்று வந்துவிட்டேன். நாலு தடவை நடந்த பிறகு பணம் கட்டினார், குழாயைத் துண்டித்துவிடுவோம் என்ற பயத்தில். சீரமைப்புக்கு முன்னால் வரை அதே அம்மா கெடுவுக்கு முன்பே ஆபீசுக்கு வந்து கட்டிவிட்டுப் போனவர்.

முப்பத்தோரு வருஷத்தில் "இந்த வரி எதற்கு?" என்று என்னிடம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். "எதிர்வீட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்காதவர்கள் அதைவிடக் கொஞ்சம் பேர்.

பட்டிமன்றத்தில் வரி என்றதும் யானை புகுந்த வயலுக்குப் போய்விடுவார்கள். பிசிராந்தையார் பாட்டு. 2019-ல் நிதியமைச்சரே பட்ஜெட் உரையில் அதைச் சொன்னார். நல்ல பாட்டுதான். ஆனால் அது அரசன் எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்பதைப் பற்றியது. பக்கத்து வயலில் யானை ஏன் புகவில்லை என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்விதான் எங்கள் ஆபீஸ் வாசலில் தினமும் நின்றது.

மறுபடி சரித்திரத்துக்கு வருகிறேன். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்களே, 1876 முதல் 1878 வரை, அதற்குப் பிறகு அடுத்த பஞ்சத்துக்கு நிதி சேர்க்கிறோம் என்று லைசென்ஸ் வரி போட்டார்கள். வியாபாரிக்கும் கைத்தொழில்காரருக்கும் வரி. மாதச் சம்பளம் வாங்கும் அரசாங்க அதிகாரிக்கும் வக்கீலுக்கும் கிடையாது. சட்டம் எழுதுகிறவர்கள் தங்களை விட்டுவிட்டு எழுதிக்கொண்டார்கள் என்று பத்திரிகைகள் கிழித்தன. சூரத்தில் கடையடைப்பு கலவரமாக முடிந்தது. போதாக்குறைக்கு, பஞ்ச நிதி என்று சொல்லி வாங்கிய பணம் லிட்டன் பிரபு காலத்து ஆப்கன் யுத்தத்தில் கரைந்தது.

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸின் தீர்மானங்களைப் படித்தவர்களுக்கு ஒன்று வியப்பாக இருக்கும். வரியைக் குறை என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. ராணுவச் செலவு கூடித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் சுங்க வரியைத் திரும்பக் கொண்டு வா, பிறகு லைசென்ஸ் வரியை இதுவரை விலக்குப் பெற்ற உத்தியோகஸ்தர்களுக்கும் மற்றவர்களுக்கும் விரி, ஏழைகள் சிக்காதபடி உச்சவரம்புக்குக் கீழே இருப்பவர்களை விட்டுவிடு என்று கேட்டார்கள். அங்கே கூடியவர்களில் பாதிப்பேர் வக்கீல்கள். தங்கள் தலையிலும் வரி போடு என்று கேட்ட கூட்டம் அது. அடுத்த வருஷமே, 1886-ல், சம்பளக்காரர்களையும் சேர்த்து வருமான வரிச் சட்டம் வந்தது. அது நிலைத்தது. வருஷம் 500 ரூபாய்க்குக் குறைந்தவர்களுக்கு வரி இல்லை. ஆனால் விவசாய வருமானத்தைத் தொடவில்லை. ஜமீன்தாருக்குப் பேஷ்குஷும் ஏறாது, வருமான வரியும் வராது. ஒரு ஓட்டையை அடைத்து அதைவிடப் பெரிய ஓட்டையை விட்டார்கள். அதன் வால் இன்று வரை நீள்கிறது.

இனி உப்பு. உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். தண்டி யாத்திரை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்து நாள் முன்னால், 1930 மார்ச் 2-ல், காந்தி வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை அவ்வளவு பேர் படித்ததில்லை. ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற வெள்ளைக்கார இளைஞர் கையில் கொடுத்தனுப்பினார். வரி வசூலித்தவன் கண்ணோடு படித்தால் அது ஒரு கணக்குக் கடிதம்.

உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய் என்று ஆரம்பிக்கிறார். நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளைக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. போட்டுப் பாருங்கள், 700 ரூபாய் என்றால் 11,200 அணா. ஐயாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. அடுத்து உங்கள் நாட்டுப் பிரதமரைப் பாருங்கள் என்கிறார். அவருக்கு நாளைக்கு 180 ரூபாய், இங்கிலாந்துக்காரனின் சராசரி ஏறக்குறைய இரண்டு ரூபாய். தொண்ணூறு மடங்குதான். அந்தச் சம்பளம் உங்களுக்குத் தேவைப்படாமலும் இருக்கலாம், தர்மத்துக்கே கொடுத்துவிடவும் செய்யலாம், ஆனால் இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கும் முறையே ஒழிய வேண்டும் என்று இர்வினை நோகடிக்காமல் எழுதுகிறார்.

உப்பு வரி அன்று மணங்குக்கு ஒன்றே கால் ரூபாய். மணங்கு சுமார் 37 கிலோ. ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் பெரிய தொகை ஆகாது. அதனால்தான் மோதிலால் நேரு போன்றவர்களுக்கே முதலில் இதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் இரண்டு அணாக்காரனும் 700 ரூபாய்க்காரரும் ஒரு மணங்குக்கு அதே ஒன்றே கால் ரூபாய். அதோடு, வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவன் பணக்காரனைவிட அதிகம் உப்புச் சாப்பிட வேண்டியவன். ஆகவே தலைக்கு இவ்வளவு என்று பார்த்தாலும் ஏழைதான் கூடுதலாகக் கட்டுகிறான். இதையும் காந்தி அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார். 1923-ல் ரீடிங் பிரபு, சட்டசபை வேண்டாம் என்று தள்ளியும், தன் அதிகாரத்தால் அந்த வரியை இரண்டரை ரூபாயாக இரட்டித்ததும் ஜனங்களுக்கு மறக்கவில்லை. அடுத்த வருஷம் குறைத்தார்கள். குறைத்தாலும் கட்டுகிறவன் மனத்தில் அது தங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். மாத முடிவில் உப்பு எடுத்துக் கைதானார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் சிறை என்று தண்டோரா போட்டார். சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, பாதி முகம் வழித்த பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்துகொண்டு, கத்தியை மடக்கிவிட்டார் என்று சொல்லுவார்கள். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. உப்பு வரியால் அவருக்குக் கையைவிட்டுப் போனது வருஷத்துக்குச் சில அணாக்கள்தான்.

உப்பு வரி 1947-ல் ஒழிந்தது. அதே பட்ஜெட்டில் இடைக்கால அரசின் நிதி மெம்பர் லியாகத் அலி கான் இன்னொன்றும் செய்தார். யுத்தகாலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி கட்டாமல் ஒளித்தவர்களைப் பிடிக்க ஒரு விசாரணை ஆணையம் என்றார். ஆணையத்தின் தலைவர் நம் சென்னைக்காரர், சர் எஸ்.வரதாச்சாரியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் நம்மவர், கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். தமிழிசைக்கும் பாடுபட்ட மனிதர். ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் எடுக்கப்பட்டன என்று கிளம்பிய சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார்.

இதை எண்ணி நான் பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்தான். நம்முடைய அரசாங்கம், நம்முடைய வரி என்று ஜனங்கள் பெருமையாகக் கட்டியிருக்க வேண்டிய காலம். அப்போதே ஊர் பேசிய முதல் வரிச் செய்தி, பட்டியலில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் போயிற்று என்பது. ஆணையமும் நீடிக்கவில்லை. ஒரே மாதிரி வரி ஏய்ப்பவர்களில் சிலரை மட்டும் கடுமையான தனி விசாரணைக்கு அனுப்புவது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொல்லி, 1954-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதாக்கிவிட்டது. அவற்றில் ஒரு வழக்கைப் போட்டது மதுரையைச் சேர்ந்த ஒரு நூற்பாலை. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்பது வேறு.

பிறகு எதிர்ப்பக்கம் போனார்கள். 1971 பட்ஜெட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் உள்ள வருமானத்துக்கு 85 சதவீத வரி, அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ். ஆக மொத்தம் 97.75. மேலே சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் கையில் நிற்பது இரண்டேகால் காசு. ஏற்றத்தாழ்வை ஒழிக்கிறோம் என்றார்கள். மேடையில் கைதட்டல் கிடைத்தது. ஆனால் முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான குழு, கறுப்புப் பணம் பெருகுவதற்கு இந்த விகிதமே முக்கியக் காரணம், 75-க்கு இறக்குங்கள் என்றது. 1974-ல் 77 ஆனது. அப்புறம் படிப்படியாக இறங்கி 1997-ல் 30.

97.75 ஏழைக்குச் சந்தோஷம் கொடுத்திருக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பு. எங்கள் நகராட்சி எல்லையில் அந்த வரி கட்டவேண்டிய வசதி உள்ளவர் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள். கட்டினதாக ஒருவரும் நம்பவில்லை. காகிதத்தில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும், அது கட்டப்படவில்லை என்று ஊர் நம்பினால் அந்த எண்ணே கேலிப்பொருள் ஆகிவிடுகிறது.

கேலியை முழுமையாக்கியவை மன்னிப்புத் திட்டங்கள். ஒளித்த வருமானத்தைத் தானே முன்வந்து சொன்னால் தண்டனை இல்லை என்று 1951, 1965, 1975 என வரிசையாக வந்தன. 1981-ல் பேரர் பாண்டு. பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினால் பத்து வருஷம் கழித்துப் பன்னிரண்டாயிரம், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நீதிபதி ஏ.சி.குப்தா ஒருவர் மட்டும் மாறுபட்டு, நேர்மையாகக் கட்டியவனைவிட ஏய்த்தவனுக்கு நல்ல இடம் கொடுக்கும் சட்டம் இது என்று எழுதினார். எனக்குப் பிடித்த தீர்ப்பு தோற்ற தீர்ப்புதான்.

1997 திட்டம் என் கண்முன் நடந்தது. டிசம்பர் கடைசி வாரம் வரித்துறை ஆபீஸ்களில் திருவிழாக் கூட்டம். நாடு முழுக்கச் சுமார் 33,000 கோடி ரூபாய் வெளியே வந்தது. வரியாகச் சுமார் 10,000 கோடி. விகிதம் 30 சதவீதம், வட்டி இல்லை, அபராதம் இல்லை. நகையாகக் காட்டினால் 1987-ஆம் வருஷ விலையில் மதிப்புப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பலருக்கு அந்த 30 கூட விழவில்லை. தணிக்கை அதிகாரியும் பின்னால் இதைக் குறை சொன்னார். எனக்குப் பிப்ரவரி சம்பளத்தில் வரிப்பிடித்தம் போக, கையில் வந்ததை வைத்துப் பால்காரருக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் கணக்குத் தீர்ப்பதே பெரும்பாடு. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "எல்லாம் வெள்ளை ஆயிடுச்சு சார். இருபது வருஷத்துக் கவலை தீர்ந்துது." கெட்ட மனிதர் இல்லை, கோயில் திருப்பணிக்குத் தாராளமாகக் கொடுப்பவர். நான் ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு அவர் கடையிலேயே துணி எடுத்தோம். "பில் போடட்டுமா, எஸ்டிமேட் போதுமா சார்?" என்றார் கல்லாவில் இருந்த பையன். அதுநாள் வரை பில் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்குபவன் நான். அன்று என் மனைவி முந்திக்கொண்டு "எஸ்டிமேட்டே போதும் தம்பி" என்றாள்.

இதே மாதிரி திட்டம் இனி வராது என்று அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்திருந்தது. 2016-ல் 45 சதவீதம் என்று விகிதத்தை ஏற்றி, வேறு பெயரில் ஒன்று வந்தது. அதற்கு முந்தின வருஷம், 1957-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்த செல்வ வரியை எடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க அதில் கடைசியாகச் சொல்லப்பட்ட வருஷ வசூல் 1,008 கோடி ரூபாய். டி.டி.கே. அதே 1957-ல் செலவுக்கும் ஒரு வரி போட்டார். மொரார்ஜி எடுத்தார், டி.டி.கே. திரும்பி வந்ததும் மறுபடி போட்டார், இரண்டு வருஷத்தில் அதுவும் போயிற்று. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது. கண் ஆபரேஷன் முடிந்து டாக்டர் படிக்கலாம் என்று சொன்னதும் எழுதுகிறேன்.